இஷ்டப்பிரசாதத்துக்கு வந்த பாத்திரங்கள்

போன சனிக்கிழமை காஞ்சிபுரம் போய் வந்தேன். கோவில் பார்க்க அல்ல, பட்டு எடுக்கவும் அல்ல. செவிலிமேடு போகும் சாலையில் உள்ள ஒரு மாதா கோவில் அரங்கில், மாதந்தோறும் இரண்டாம் சனிக்கிழமை கத்தோலிக்கச் சிந்தனையும் பண்பாடும் பற்றிப் பொதுச் சொற்பொழிவு நடக்கிறது. எந்த மதத்தாரும் வரலாம், கட்டணம் இல்லை. இந்த மாதம் பேசியவர் என் அக்கா.

அக்கா கன்னியாஸ்திரி. நான்கு வருடமாக அவளோடு நான் பேசவில்லை. அப்பா படுக்கையில் கிடந்த பதினொரு மாதத்தில் அவள் வந்தது இரண்டே முறை. வடக்கே ஏதோ மலைப்பள்ளியில் வேலை, சபையில் விடவில்லை என்றாள். அடக்கத்தன்று வந்து கணீரென்று ஜெபம் சொன்னாள். என்ன பிள்ளை என்று உறவே உருகியது. அப்பாவுக்கு மலம் அள்ளிய நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். இந்த வலைப்பதிவைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என்னைத் தெரியும், ஒரு லாட்ஜில் வெந்நீர் வராததை மூன்று பதிவுகளில் எழுதியவன். இதை விடுவேனா?

நண்பர் ஒருவர் அனுப்பிய சுவரொட்டிப் படத்தில் அவள் பெயரைப் பார்த்தேன். கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, அவள் கண்ணில் படுவதற்குள் கிளம்பிவிடுவது என்பது திட்டம். வீட்டில் கோவில் இட்லி வாங்கப் போவதாகச் சொல்லியிருந்தேன்.

தாம்பரத்திலிருந்து வாலாஜாபாத் வழியாகப் போகும் பேருந்து நல்லது. ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர், டிக்கெட் 48 ரூபாய், இரண்டு மணி நேரம். வாலாஜாபாத்தில் நெல் மூட்டை லாரிகள் வழியை மறித்ததால் எனக்குக் கூடுதலாக இருபது நிமிடம் ஆனது. காஞ்சிபுரத்தில் இறங்கியதும் முதலில் சின்ன காஞ்சிபுரம் போய் இட்லியை வாங்கிக்கொண்டேன். மந்தாரை இலை விரித்த மூங்கில் குடலையில் மணிக்கணக்கில் வேகும் ஒரே நீள இட்லி. மிளகும் சுக்கும் நெய்யும் மணக்கும். முழுசாக வேண்டுமென்றால் முதல் நாளே போனில் சொல்லிவிட வேண்டும். 450 ரூபாய் கொடுத்தேன். வெட்டாமல் வாங்கினால் இரண்டு நாள் தாங்கும்.

அங்கிருந்து அரங்குக்கு ஆட்டோ, 120 ரூபாய். ஓட்டுநர் பெயர் ஏழுமலை.

“சர்ச்சுல கூட்டத்துக்கா சார்? எங்க வீட்லயும் அங்கதான் போயிருக்குது. பிரசாதம் குடுக்கறாங்களாமே.”

“பேச்சுதான்பா. பிரசாதம் எல்லாம் கிடையாது.”

“பேசட்டும் சார். பேசி முடிச்சிட்டுத்தானே குடுப்பாங்க? போஸ்டர்லயே பெருசா போட்டுக்கிறாங்க, இஷ்டப்பிரசாதம்னு. இஷ்டத்துக்கு வாங்கிக்கலாம்னுதானே அர்த்தம்? தூக்கு எடுத்துக்கினு போயிருக்குது.”

நான் தமிழ் எம்.ஏ. இருந்தும் சிரிப்பை அடக்குவதைத் தவிர வேறொன்றும் தோன்றவில்லை. இறைவன் தரும் அருளுக்குப் பழைய கத்தோலிக்கத் தமிழில் இஷ்டப்பிரசாதம் என்று பெயர். இப்போது ஜெபங்களில் அருள் என்றே சொல்கிறார்கள். அந்தப் பழைய சொல்லைப் பற்றித்தான் அன்றைய பேச்சு. ஆனால் கோவிலுக்குக் கோவில் பிரசாதம் கொடுக்கிற ஊரில், அதைக் கொட்டை எழுத்தில் அடித்து, கீழே ‘அனைவரும் வருக’ என்று போட்டால் என்ன ஆகும்?

என்ன ஆகும் என்பது அரங்கில் தெரிந்தது. முன்வரிசைகளில் அந்த மாதா கோவிலைச் சேர்ந்த பங்கு மக்கள். பின்னால் பதினைந்து பேர் போல மடியில் தூக்கு, டிபன் பாக்ஸ், ஒருவரிடம் குக்கர் பாத்திரம். அவர்களுக்கு நடுவில் நானும் என் இட்லிப் பையும்.

அக்கா மெலிந்திருந்தாள். கண்ணாடி தடித்திருந்தது. குரல் மட்டும் அப்படியே. இஷ்டம் என்றால் யாருடைய இஷ்டம் என்பதில் ஆரம்பித்தாள். “நம்ம இஷ்டம் இல்ல, குடுக்கறவரோட இஷ்டம். கூலின்னா செஞ்ச வேலைக்கு வரும். பிரசாதம் கையை நீட்டினவங்களுக்கெல்லாம் வரும். நீ என்ன செஞ்சன்னு அங்க கேக்க மாட்டாங்க.” பின்வரிசைத் தலைகள் ஆமோதித்து அசைந்தன. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒன்றும் செய்யாதவர்களுக்கு வசதியான தத்துவம் என்று நினைத்துப் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

அப்போது சொன்னாள்: “எங்க அப்பாவுக்குக் கடைசி வரைக்கும் கஞ்சி ஊட்டினது என் தம்பி. அந்தக் கிண்ணத்தைப் பிடிக்கிற பாக்கியம் எனக்குக் கிடைக்கல. அவன் என்கிட்ட பேசறதில்ல. அது நியாயந்தான்.”

எழுந்தவன் உட்கார்ந்துவிட்டேன்.

பேச்சு முடிந்து, கேள்விகள் இருந்தால் கேட்கலாம் என்றார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த அம்மாள் கையைத் தூக்கினார். “நல்லா பேசினம்மா. பிரசாதம் இங்கயே குடுப்பீங்களா, வெளிய லைன்ல நிக்கணுமா?”

முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். “ஏன் சிரிக்கிறீங்க? போஸ்டர்ல போட்டுக்கிறதத்தானே கேக்கறேன்?” என்றார் அந்த அம்மாள். தூக்கை மெல்ல முந்தானைக்குள் தள்ளிக்கொண்டார். அக்கா சிரிக்கவில்லை. அவள் முகம் எனக்குத் தெரியும். சின்ன வயதில் வீட்டுக்கு விருந்தாளி வந்து சோறு போதாதபோது இப்படித்தான் நிற்பாள்.

“இருக்குதும்மா, இங்கயே குடுப்பாங்க” என்று சொல்லியபடி எழுந்தேன். இட்லியைக் கொண்டுபோய் அவள் முன்னால் மேசையில் வைத்தேன். அக்கா என்னைப் பார்த்தாள். மைக் இன்னும் அணையாததால் அவள் மூச்சு அரங்கம் முழுக்கக் கேட்டது.

கத்தி இல்லை. அந்த அம்மாள், அவர்தான் ஏழுமலையின் மனைவி வசந்தா, பையிலிருந்து நூல்கண்டை எடுத்தார். “தறிக்காரி கிட்ட நூலுக்கா பஞ்சம்?” என்று இட்லியை நூலால் வில்லை வில்லையாக அறுத்தார். ஒரு வில்லையை வாயில் போட்டுப் பார்த்தவர், “இது பெருமாள் கோவில் இட்லியாச்சே. உங்க சாமியும் இதத்தான் சாப்பிடறாரா?” என்றார். இந்த முறை அக்காவும் சிரித்தாள்.

அவளே எல்லோருக்கும் கொடுத்தாள். பங்கு மக்களும் வரிசையில் வந்தார்கள். கடைசியில் நான் நின்றேன். கோவிலுக்குப் போகிறவர்கள் வலக்கையை மேலே வைத்துப் பிரசாதம் வாங்குகிறார்கள். என் கைகள் பழக்கத்தில் இடக்கை மேலாக நீண்டன. முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்கும் புதுநன்மைக்கு முந்தைய நாள், கையிலேயே அடித்து அடித்து அக்கா பழக்கியது அது.

“இன்னும் இடக்கைதான் மேல” என்றாள்.

“நீதானே சொல்லிக்குடுத்த.”

நான்கு வருடத்தில் நாங்கள் பேசியது அவ்வளவுதான். கடைசி வில்லையை இரண்டாகப் பிட்டு ஒரு பாதியை என் கையில் வைத்தாள். கையை உடனே எடுக்கவில்லை. பதினொரு மாதத்தை நான் மறந்துவிடவில்லை. மறந்துவிடு என்று அவளும் கேட்கவில்லை.

போக விரும்புகிறவர்களுக்கு: பேச்சு மாலை நான்கு மணிக்கு, ஒன்றரை மணி நேரம். மின்விசிறிக்குக் கீழே இடம் வேண்டுமென்றால் அரை மணி முன்னதாகப் போங்கள். திரும்பும்போது ஆட்டோ கிடைப்பது கடினம். என்னை ஏழுமலையும் வசந்தாவும் பேருந்து நிலையத்தில் விட்டார்கள், காசு வாங்கவில்லை. வீட்டில் இட்லி எங்கே என்று கேட்டார்கள். அக்காவுக்குக் கொடுத்துவிட்டேன் என்றேன்.

அடுத்த மாதமும் அவள்தான் பேசுகிறாள், தலைப்பு தெரியாது. இரண்டு இட்லிக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.