அம்மா பிரித்துக் காட்டிய கதிரை

எங்கள் அம்மா கற்பிட்டிக் கரையில் ஒரு மீனவக் குடும்பத்தின் மூத்த மகளாகப் பிறந்தார். கடலுக்குப் போன அப்பா திரும்பி வராதபோது தம்பி கைக்குழந்தை. எனக்கு நாலு வயது. எங்களைக் கூட்டிக்கொண்டு பாலாவிச் சந்திக்கு வந்த அம்மா, லொறி ஆசனங்களுக்கும் கதிரைகளுக்கும் மெத்தை தைக்கும் மாமாவின் கடையில் வேலை பழகினார். மாமாவுக்குப் பின் கடையைத் தாமே நடத்தினார்.

நான் ஆசிரியையாகிய புதிதில் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வண்ணாத்திவில்லுப் பக்கத்துத் தோட்ட முதலாளி ஒருவர் தம் பாட்டனாரின் சாய்கதிரையைக் கொண்டுவந்தார். மெத்தைக்குள் இருந்தது குதிரை மயிர்.

"இதை எறிஞ்சுபோட்டு ஸ்பொஞ்ச் வச்சா ரெண்டு வருசத்தில குழி விழும்" என்றார் அம்மா. சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, நிழலில் காயவைத்து, கட்டிபட்டுக் கிடந்த மயிரை விரலாலேயே பிரித்து மீண்டும் அடைத்தார்.

பிரித்த மயிர் பொங்கியதால் ஆசனம் முன்னைவிட உயர்ந்து நின்றது. முதலாளிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "குதிரை மயிரை எடுத்துப்போட்டுத் தென்னந்தும்பை அடைச்சிட்டா" என்று சந்தியெல்லாம் சொன்னார். லொறிக்காரர் வருவது நின்றது. அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள் ஆளனுப்பி, கதிரையோடு அவரை வரவழைத்தார். அயல் கடைக்காரர் பார்த்திருக்க, தாம் போட்ட தையலைத் தாமே வெட்டினார். உள்ளிருந்து சிறிது எடுத்து, பக்கத்தில் கொஞ்சம் தென்னந்தும்பும் வைத்து, இரண்டிலும் தீக்குச்சியைப் பிடித்தார். தும்பு விறகுபோல் புகைந்தது. மற்றது சுருண்டு பொசுங்கியது. தலைமயிர் கருகும் நாற்றம் கடையை நிறைத்தது.

"தும்பில இந்த மணம் வருமா ஐயா?"

"பிழை என்னிலதான் அக்கா. மன்னிச்சுக்கொள்ளுங்க."

"மன்னிக்கிறன். ஆனா சந்தியில சொன்னதைச் சந்தியிலயே மாத்திச் சொல்லிட்டுப் போங்க."

அவரும் கடை கடையாக ஏறிச் சொன்னார். அவர் போனபின் அம்மா மயிரை மீண்டும் உள்ளே அடைத்தார். ஊசியில் நான் நூல் கோத்துக் கொடுத்தேன். மாலைக்குள் கதிரையைத் தைத்து அனுப்பிவிட்டார். அந்தக் கதையைப் பிறகு அவர் எடுத்ததேயில்லை.

கடைசிக் காலத்தில் பாரிசவாதம் வந்து அம்மா எட்டு மாதம் படுக்கையில் இருந்தார். மருத்துவம் பார்த்தவர்களுக்கும், வந்து ஜெபித்த பங்குத்தந்தைக்கும், இறுதி ஊர்வலத்தில் தோள் கொடுத்தவர்களுக்கும் எங்கள் நெஞ்சார்ந்த நன்றி. நானும் தம்பியும் வேலைக்குப் போன பகல்களில், அக்கா முறையில் நாங்கள் ராத்தா என்று அழைக்கும் பக்கத்து வீட்டு முஸ்லிம் பெண்தான் அம்மாவைப் புரட்டிப் படுக்கவைப்பார்.

"உனக்குப் பெரிய கரைச்சல் குடுக்கிறன் பிள்ளை" என்பார் அம்மா.

"என்ன கரைச்சல் மாமி? சும்மா கிடங்க, மத்தப் பக்கம் திருப்புறன்."

முதுகில் ஒரு புண்கூட இல்லாமல் அம்மாவை நாங்கள் மண்ணுக்குக் கொடுத்தோம். ராத்தா, அது உங்கள் கைகளால் ஆனது.