பின் சீட்டில் உட்கார்ந்து பார்த்த கார்கள்

பழைய கார் விற்கிறவர் பொய் சொல்வார் என்பது ஊருக்கே தெரியும். வாங்குகிறவர் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற பொய்தான் ஆளைக் கவிழ்க்கும் என்பது என் தொழிலில் இருப்பவனுக்குத்தான் தெரியும்.

எல்லையின் மலையாளப் பக்கம் இருக்கும் எலப்புள்ளியில் எனக்கு ஒரு சின்ன ஒர்க்‌ஷாப். ஞாயிற்றுக்கிழமை அதைப் பூட்டிவிட்டு, பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்குத் துணையாகப் போவேன். பார்த்துவிட்டு ‘எடுக்கலாம்’ அல்லது ‘வேண்டாம்’ என்று ஒரு வார்த்தை சொல்வேன். அந்த வார்த்தைக்குத்தான் கூலி. பெயிண்ட் எவ்வளவு தடிமன் என்று காட்டும் கருவி ஒன்றை ஆசையாக வாங்கி வைத்திருக்கிறேன். ஆனால் நான் அதிகம் நம்புவது பின் சீட்டைத்தான். விற்கிறவரை ஓட்டச் சொல்லிவிட்டுப் பின்னால் உட்கார்ந்துகொள்வேன். முன்னால் உட்கார்ந்தால் ரோடும் அவர் பேச்சும்தான் கவனத்தில் இருக்கும். பின்னால் உட்கார்ந்தால் காரின் முனகல் கேட்கும், இத்தனை நாள் அவர் அதை என்ன பாடு படுத்தினார் என்பதும் தெரிந்துவிடும்.

பழைய கார் வாங்கிய மறுவாரமே மெக்கானிக்கின் முகத்தைப் பார்த்துப் பர்ஸைத் தடவியவரா நீங்கள்? அப்படியென்றால் நீங்கள் என் ஜாதி, உட்காருங்கள். அதிலும் ‘ஹாட் ஹேட்ச்’ என்று இளவட்டங்கள் சொல்லும் வகையை வாங்க ஆசைப்பட்டவர் என்றால் இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வாருங்கள். வெளியே பார்த்தால் வீட்டுக்கு வாங்கும் சின்னக் கார். பானெட்டைத் திறந்தால் வீட்டுக்கு ஆகாத இன்ஜின்.

பஸ்ஸில் போகிற மனைவி

கார்த்தி எங்கள் ஊர்க்காரர். தென்னந்தோப்பும் வயலும் உண்டு, கஞ்சிக்கோட்டில் வேலையும் உண்டு. சனி ஞாயிறு ஓட்டவும், கோயமுத்தூர் பக்கம் இருக்கிற ரேஸ் டிராக்கில் போய்ச் சுற்றவும் ஒரு ஹாட் ஹேட்ச் வேண்டும் என்று வந்தார். கூட மனைவி ஜெயந்தியும் வந்திருந்தாள். அவள் மூணாறு எஸ்டேட்டில் பிறந்தவள். அம்மா வீடு இன்னமும் அங்கேதான்.

“இப்ப இருக்கற காருல பிரேக்கு பத்தலைங்ணா. நல்ல பிரேக்கு, நல்ல டயரு இருந்தா மலை ரோட்டுல பயமே இல்லீங்களே” என்றார் கார்த்தி. ஜெயந்தி அதுவரை என் சுவரில் மாட்டியிருந்த ஸ்பேனர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பயம் யாருக்கு என்று நான்தான் வாயைக் கொடுத்துக் கேட்டேன். மறையூருக்கு மேலே ஒரு வளைவில் கார்த்தி பஸ்ஸை முந்தியிருக்கிறார். எதிரே ஒரு ஜீப். கை நுழையும் இடைவெளியில் தப்பித்திருக்கிறார்கள். பின் சீட்டில் மகள். அன்றையிலிருந்து ஜெயந்தி மலைக்கு அவரோடு காரில் போவதில்லை. மகளைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போவாள், அவர் தனியாகக் காரில் போய் மூணாறு பஸ் ஸ்டாண்டில் காத்திருப்பார். ஒரே வீடு, ஒரே ஊர்ப்பயணம், இரண்டு வண்டி. நல்ல கார் வந்தால் அவள் திரும்ப ஏறிவிடுவாள் என்பது கார்த்தியின் கணக்கு. வேகமான கார் வந்தால் மிச்சமிருக்கிற நிதானமும் போய்விடும் என்பது அவள் கணக்கு. அவள் சொல்லி முடித்தது இப்படி:

“வண்டிய ஓரங்கட்டச் சொல்லிப் பிள்ளையத் தூக்கிட்டு எறங்கிட்டேண்ணே. இவுக முந்துனாகளே, அதே பஸ்ஸத்தான் கை காட்டி நிப்பாட்டி ஏறுனேன்.”

கீறல் இல்லாத கார்

முதலில் பொள்ளாச்சியில் ஒரு சிவப்புக் கார். எல்லையோரத்தில் இருக்கும் நமக்கென்றே ஒரு சனி உண்டு. ஒரு மணி நேரத்தில் போய்விடுகிற ஊர்தானே என்று அந்தப் பக்கம் காரை வாங்கிவிடுவோம். அப்புறம்தான் அது வேறு மாநிலம் என்பதே உறைக்கும். தடையில்லாச் சான்று, புது நம்பர், மறுபடி வரி என்று அலைந்து தேய்வோம். இதைச் சொன்னால் கார்த்திக்குக் காதில் ஏறவில்லை. அவர் கண் முழுக்கச் சிவப்பு.

உரிமையாளர் பாக்கு வியாபாரி. “ஒரு கீறல் கூட இல்லீங்க, தடவிப் பாருங்க” என்று என் கையைப் பிடித்தே தடவ வைத்தார். உண்மைதான், கண்ணாடி போல் இருந்தது. பின் சீட்டில் உட்கார்ந்து ஒரு சுற்று போனேன். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தால் கார் இடப்பக்கம் நழுவியது. இறங்கி வந்து கருவியை வைத்தேன், முன்பக்கம் முழுவதும் பெயிண்ட் இரண்டு மடங்கு. கதவு ரப்பருக்கு அடியில் மறுபடி பெயிண்ட் அடித்தபோது படிந்த சிவப்புத் தூள். பானெட்டுக்குள் வெல்டிங் வைத்த தழும்பு. காட்டினேன். மனிதர் அசரவில்லை, கொஞ்சம் மனத்தாங்கலோடுதான் பேசினார்.

“லாரில முட்டுனது வாஸ்தவந்தானுங்க. கீறல் இல்லைன்னுதானுங்களே நான் சொன்னேன், முட்டலைன்னு சொன்னனுங்களா?”

பூண்டு வாசம்

அடுத்த கார் மூணாறு தாண்டி வட்டவடையில். ஜெயந்தி முந்தின நாளே மகளோடு பஸ்ஸில் மூணாறு போய்விட்டாள். நான் கார்த்தியோடு அவருடைய பழைய காரில் போனேன். பழக்க தோஷத்தில் பின் சீட்டில் ஏறினேன். சின்னாறு தாண்டி ஏற்றம் தொடங்கியதும் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. கார்த்தி மோசமான மனிதர் இல்லை. வளைவைப் பார்த்தால் மட்டும் வேறு ஆளாகிவிடுகிறார். வளைவுக்குள் போன பிறகு பிரேக் மிதிக்கிறார். முன்னால் எது போனாலும் அது தன்னை அவமானப்படுத்துவதாக நினைக்கிறார். கதவுப் பிடியைப் பற்றிய கையை நான் மூணாறு வரை எடுக்கவில்லை. அங்கே ஜெயந்தி என் முகத்தைப் பார்த்துவிட்டு டீ வாங்கிக் கொடுத்தாள்.

வட்டவடைக்காரர் காரட்டும் பூண்டும் விளைவிக்கிற விவசாயி. யாரோ ஊரை விட்டுப் போகும்போது மலிவாகக் கொடுத்த ஹாட் ஹேட்ச் அவருடையது. பின் சீட்டை மடக்கிப் பூண்டு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார். உட்கார இடம் இல்லாததால் மூட்டைமேல் உட்கார்ந்துதான் நான் சோதனை ஓட்டம் போனேன். கார் அற்புதமாக ஏறியது, வழியெல்லாம் அதைப் புகழ்ந்துகொண்டே வந்தேன். மனிதர் வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, கோழி கடக்கக் கூட நின்று ஓட்டினார். நானே ‘எடுக்கலாம்’ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் இறங்கி, காரைச் சுற்றி ஒரு நடை நடந்து, தலையைச் சொறிந்தார்.

“மன்னிச்சுக்கங்கண்ணே, நீங்க இவ்வளவு நேரம் புகழ்ந்ததுல எனக்கு விக்க மனசில்லாமப் போச்சு.”

ஓட்டத் தெரியாதவரின் கார்

கல்பாத்தியில் ஒரு வெள்ளைக் கார் நின்றுகொண்டிருந்தது. நின்றுகொண்டே இருந்தது என்று சொல்ல வேண்டும். வாங்கியவள் அந்த வீட்டுப் பெண். வேலை கிடைத்து வெளிநாடு போய்விட்டாள். அப்பாவுக்கு ஓட்டத் தெரியாது. “கார்த்தால ஸ்டார்ட் பண்ணுவேன், காப்பி குடிச்சு முடிக்கறவரைக்கும் விட்டுட்டு அணைச்சுடுவேன். வேகமாப் போற காராம். நேக்கு அது நின்னுதான் தெரியும்” என்றார். விற்கிறவருக்கே ஓட்டத் தெரியாததால் என் முறை தலைகீழானது, நானே ஓட்டினேன். தெருவைத் தாண்டி மலம்புழா ரோட்டில் கொஞ்சம் மிதித்தேன். என்ன சொல்வது, எனக்கே வயசு குறைந்தது. நின்று நின்று டயர் தட்டையாகியிருந்தது, பேட்டரி போயிருந்தது. அவ்வளவுதான், மற்றபடி சொக்கத் தங்கம்.

கார்த்தி பெரியவரோடு பேசிக்கொண்டிருந்தபோது ஜெயந்தி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். “அண்ணே, ஒண்ணு கேக்கேன். இந்தக் காரு சரியில்லன்னு சொல்லிருங்க.” அவள் பயம் நியாயமானது என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? இருந்தாலும், நன்றாக இருக்கிற காரை இல்லாத குறை சொல்லித் தள்ளினால் நாளைக்கு என் வார்த்தையை யார் நம்புவார்கள்? “பொய் சொல்ல முடியாதும்மா. கார் நல்ல கார்” என்றேன். அவள் கோபப்படவில்லை. நிதானமாக ஒன்று கேட்டாள். அவள் கேட்ட அந்த வேலைக்கு இன்றுவரை எனக்கு யாரும் கூலி கொடுத்ததில்லை.

“காரு நல்லா இருக்குன்னு நீங்க பாத்துச் சொல்லுதீக. ஓட்டுத ஆளு நல்லா இருக்காகளான்னு யாருண்ணே பாத்துச் சொல்லுவாக?”

எதிரே யாரும் வராத ரோடு

அந்தக் கேள்வி என்னைத் தூங்க விடவில்லை. கார்த்தியிடம் ஒரு நிபந்தனை போட்டேன். கார் நல்ல கார்தான், ஆனால் முதலில் உங்கள் பழைய காரோடு டிராக்குக்கு வாருங்கள், அதற்கப்புறம்தான் என் வார்த்தை. அவருக்கு வாயெல்லாம் பல். தன் திறமையைப் பார்த்து நானும் ஜெயந்தியும் அசந்துபோவோம் என்று நினைத்திருக்க வேண்டும்.

டிராக்கில் சொல்லிக்கொடுக்க ஒரு பெண் இருந்தாள், காலேஜ் முடித்த வயசு. ஹெல்மெட் போட்டுக் கார்த்தியின் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். நானும் ஜெயந்தியும் வேலிக்கு வெளியே. முதல் வளைவிலேயே கார்த்தி புல்லுக்குள் போனார். திரும்ப வந்தார், அடுத்த சுற்றில் வேறு வளைவில் போனார். இவர் காரைவிடப் பழைய காரில் ஒரு பல் டாக்டர் அலுங்காமல் இவரைத் தாண்டிப் போனார். பிரேக் சூடேறி நாற்றம் அடிக்க, வண்டியை உள்ளே கொண்டுவந்து நிறுத்தினார். அந்தப் பெண் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்: “இங்க எதிர்ல யாருமே வரமாட்டாங்க சார். அப்படியும் ரோட்டுக்குள்ள நிக்க முடியலை பாருங்க.”

கார்த்தியின் முகம் வெளுத்துப்போனது. அடுக்கி வைத்திருந்த டயர்மேல் உட்கார்ந்தார், ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை. அந்த மறையூர் வளைவைத்தான் அவர் அப்போது பார்த்துக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தோன்றியது. ஜெயந்தி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அப்புறம் அவராக எழுந்து போய் அந்தப் பெண்ணிடம், “பிரேக்கு எப்பப் புடிக்கோணும்னு மொதல்ல இருந்து சொல்லிக் குடுங்க” என்று கேட்டார். சாயங்காலம் வரை மெதுவாகச் சுற்றிச் சுற்றி வந்தார்.

வீடு திரும்பும்போது வேலந்தாவளம் ரோட்டில் முன்னால் வைக்கோல் லாரி ஒன்று ஆடி ஆடிப் போயிற்று. கார்த்தி ஹாரன் அடிக்கவில்லை. லாரியிலிருந்து வைக்கோல் பறந்து கண்ணாடியில் ஒட்டியது, அப்போதும் பின்னாலேயே போனார். வழக்கம்போல் நான் பின் சீட்டில். முன் சீட்டில் இருந்த ஜெயந்தி அந்த லாரியையே பார்த்துக்கொண்டு வந்தவள், திரும்பாமலே என்னிடம் சொன்னாள்:

“அந்த வெள்ளக் காரையே முடிச்சுக் குடுங்கண்ணே. ஆத்திரத்த எல்லாம் அந்த டிராக்குல போய்த் தீத்துக்கிடட்டும்.”

மூணாறு பஸ் ஸ்டாண்டு

கார் கைமாறியது. அதற்கப்புறம் எனக்கு நிம்மதி போனது. விற்றவருக்கு அக்கறை இல்லை, வாங்கியவருக்குச் சந்தோஷம், நடுவில் வார்த்தை கொடுத்தவனுக்குத்தான் கவலை. ஒரு நாள் சாயங்காலம் வரை ஒழுங்காக ஓட்டினால் மனுஷன் மாறிவிடுவானா? ஞாயிற்றுக்கிழமை மாலையில் போன் அடித்தால் எடுக்கவே பயமாக இருந்தது. ‘எடுக்கலாம்’ என்று இத்தனை வருஷம் இவ்வளவு சுலபமாகச் சொல்லி வந்திருக்கிறேனே என்று நினைத்தேன்.

மழை ஓய்ந்த சமயத்தில் வேறொரு ஆளுக்குக் கார் பார்க்க மூணாறு போனேன். பஸ் ஸ்டாண்டு எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தபோது உடுமலைப்பேட்டையிலிருந்து பஸ் வந்து நின்றது. ஜெயந்தி இறங்குகிறாளா என்று கழுத்தை நீட்டிப் பார்த்தேன். கடைசி ஆள் வரை இறங்கிவிட்டார்கள், அவள் இல்லை. பஸ் நகர்ந்தது. அதன் பின்னாலேயே, பஸ்ஸின் புகையெல்லாம் படிந்து சாம்பல் நிறமாகி, அந்த வெள்ளைக் கார் நின்றிருந்தது. கார்த்தி ஸ்டியரிங்கில் கை வைத்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார். பக்கத்து சீட்டில் ஜெயந்தி கண்ணாடியில் தலை சாய்த்து, வாயை லேசாகத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். மகள் பின்னாலிருந்து அவள் தோளை உலுக்கினாள். ஜெயந்தி எழுந்து, என்னைக் கண்டு, சேலையைச் சரிசெய்துகொண்டு இறங்கினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, டீ சூடு என்று சமாளித்தேன். அவளுக்கோ ஒரே வெட்கம்.

“மறையூர்ல அந்த பஸ்ஸுக்குப் பின்னால மாட்டுனது தெரியும்ணே, பெறகு எப்பத் தூங்குனேன்னே தெரியல.”

பெயிண்ட் தடிமன் காட்டும் என் கருவி இன்னமும் பையில்தான் இருக்கிறது, ஆனால் இப்போதெல்லாம் வாங்க வருகிறவரை ஒரு தடவை ஓட்டச் சொல்லி, பக்கத்தில் அவர் வீட்டு ஆளுக்குத் தூக்கம் வருகிறதா என்று பின் சீட்டிலிருந்து பார்த்த பிறகுதான் அதை வெளியே எடுக்கிறேன்.