அடைப்புக்குறிக்குள் ஓர் அலை

இரண்டு வாரமாக நான் தனியாகச் சிரிக்கிறேன் என்று வீட்டில் புகார். காரணம் இருக்கிறது. சொல்கிறேன்... கேட்டுவிட்டு நீங்கள் திட்டினாலும் சரி.

திருவனந்தபுரத்தில் 'சாலை' என்கிற கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருக்கும் நிஷாவை எனக்குப் பல வருஷமாகத் தெரியும். தக்கலைப் பக்கத்துப் பெண். என் பிளவுஸ் துணிகளில் பாதி அவள் தேர்ந்தெடுத்தவை. ஒரு நாள் துணியோடு சேர்த்து ஒரு கட்டுத் தாளையும் நீட்டினாள்.

"மாமி, நபிமார் கதை எழுதியிருக்கேன். சின்னப் பிள்ளைங்களுக்கு. நீங்க படிச்சு ரிக்கார்டு பண்ணித் தரணும்."

ஏன் படித்துத் தர வேண்டும்? அவர்கள் தெருப் பிள்ளைகள் வீட்டில் பேசுவது தமிழ். பள்ளியில் படிப்பது மலையாளம். தமிழ் காதுக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரியாது! மணக்காட்டில் ஞாயிற்றுக்கிழமை நடக்கும் மார்க்க வகுப்பில் அவர்களைக் கதை கேட்க வைக்க அவளுக்கு ஆசை.

எனக்கோ ரேடியோ நாடகங்களில் நடித்த குரல். சும்மா கிடந்து துருப்பிடிக்கிறது. விடுவேனா?

கரமனையில் பினு என்று ஒரு பையன் ஸ்டுடியோ வைத்திருக்கிறான். ஸ்டுடியோ என்றால்... ஒரு அறை, ஒரு மைக், சுவர் முழுக்க முட்டை அட்டை. நாகர்கோவில் குடும்பம்தான். ஆனால் அவன் தமிழில் வாயைத் திறந்தால் மலையாளம்தான் முதலில் வெளியே வரும்.

முதல் கதை, நூஹ் நபி அவர்களுடையது. தாளைப் பார்த்தேன். "நூஹ் (அலை) அவர்கள் கப்பல் கட்டத் தொடங்கினார்கள்."

அடைப்புக்குறிக்குள் அலை!

ரேடியோ நாடகத்தில் அடைப்புக்குறி என்றால் என்ன? (இடி), (மழை), (கதவு தட்டும் ஓசை). எல்லாம் சத்தத்துக்கான குறிப்பு. எனக்குப் புல்லரித்துவிட்டது. கப்பல் கட்டும்போதே அலைச் சத்தம்... வரப்போகும் வெள்ளத்தை முன்கூட்டியே காதில் போடுகிறாள்! துணிக்கடையில் உட்கார்ந்துகொண்டு இப்படி ஒரு உத்தியா?

"பினு, நூஹ்-னு நான் நிறுத்துவேன். நீ அலையைப் போடு. அது அடங்கினதும் நான் 'அவர்கள்'னு ஆரம்பிக்கறேன்."

பினு சாமானியப்பட்டவனா? ரெடிமேடு சத்தம் வேண்டாம் என்று சங்குமுகம் கடற்கரைக்கே போய், பேன்ட் நனைய நின்று, அசல் அலையைப் பதிவு செய்துகொண்டு வந்தான். கதை அமர்க்களமாக வந்தது. மீனின் வயிற்றுக்குள் இருந்த யூனுஸ் நபி அவர்களின் கதை இன்னும் அமர்க்களம். அதுதான் கடலிலேயே நடக்கிறதே!

இப்ராஹிம் நபி அவர்களின் கதையில் லேசாக இடித்தது. நெருப்புக்குள் தூக்கிப் போடுகிறார்கள். அங்கேயும் (அலை).

"மாமி, தீயில அலையோ?"

"அனல் அலைடா!" என்றேன். ஆளுக்கு அனுபவம் வேண்டாமா?

அடுத்தது யூசுப் நபி அவர்கள். சின்ன வயதில் அண்ணன்மார் கிணற்றில் தள்ளிவிட்ட கதை. "யூசுப் (அலை) அவர்கள் கிணற்றுக்குள் தன்னந்தனியாக இருந்தார்கள்" என்று எழுதியிருந்தாள். பினு ஹெட்போனைக் கழற்றிவிட்டான்.

"கிணத்துல எங்ஙனே மாமி அலை வரும்? பின்னே, தன்னந்தனியான்னா ஒராள்தானே? 'இருந்தார்கள்'னா எத்தர பேர்?"

பேச்சை மாற்றலாமென்று அடுத்த தாளைப் புரட்டினால் அங்கே ஒரு புதுச் சத்தம். "முஹம்மது நபி (ஸல்) அவர்கள்."

ஸல்? பேரீச்சமரம் சலசலக்கிற சத்தமோ? நிஷாவுக்கே போன் போட்டேன்.

"நிஷா, அலையெல்லாம் போட்டாச்சும்மா. இந்த ஸல்-னா என்ன சத்தம்?"

"மாமி... அலையைப் போட்டாச்சா?"

"போட்டாச்சு. சங்குமுகம் அலை. அசல்!"

"நான் அங்க வாரேன்." போன் கட்.

வந்தாள். உட்கார்ந்தாள். "போடுங்க" என்றாள். பினு போட்டான். "நூஹ்..." என்றது என் குரல். ஹோவென்று ஓர் அலை வந்து, அடித்து, நுரைத்து, வடிந்தது. "...அவர்கள் கப்பல் கட்டத் தொடங்கினார்கள்."

நிஷா முக்காட்டை இழுத்து வாயில் வைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. ஐயோ, அழுகிறாளே! கையைப் பிடித்தேன். அழுகையா? சிரிப்பு! கண்ணில் தண்ணீர் வர, நாற்காலியிலிருந்து சரியச் சரியச் சிரிப்பு.

"அது அலைஹிஸ்ஸலாம், மாமி! அவங்க மேல சாந்தி உண்டாகட்டும்னு அர்த்தம். நபிமார் பேரைச் சொன்னா கூடவே சொல்லணும். எழுதும்போது சுருக்கி (அலை)ன்னு போடுவோம். நம்ம நபிக்கு ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம். அதுதான் (ஸல்)."

"சுருக்கி எழுதினா எனக்கு எப்படிம்மா தெரியும்?"

"தாள்ல இடம் பத்தாது, சுருக்குறோம். வாய்க்கு என்ன மாமி இடப் பஞ்சம்?"

பெருநாள் தவறாமல் அவள் வீட்டுப் பிரியாணி சாப்பிடுகிறவள் நான். கறி எந்தக் கடையில் வாங்குகிறார்கள் என்பதுவரை தெரியும். அவள் தினமும் வாயாரச் சொல்கிற ஒரு வாழ்த்து தெரியவில்லை. நாம் அடுத்த வீட்டைத் தெரிந்து வைத்திருக்கும் லட்சணம் இதுதான், இல்லையா?

பினு தன் சந்தேகத்தை விடவில்லை. "அந்த 'இருந்தார்கள்'?"

"சின்னப் பிள்ளையா இருந்தாலும் நபிதானே? மரியாதை வயசு பார்த்து வராது. அல்லாஹ்வை மட்டும் 'அவன்'னு சொல்லுவோம். அவன் ஒருத்தன்தானே!"

எங்கள் வலியசாலைத் தெருவிலும் பகவான் 'அவன்'தான். சம்பந்தி மட்டும் 'அவர்'! எனக்குச் சிரிப்பு வந்தது. மூன்று பேரும் சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தபோது நிஷா சட்டென்று நிறுத்தினாள்.

"இதை யாருக்கும் அனுப்பலியே?"

பினு கதவுப் பக்கம் நகர்ந்தான். "நூஹ் கத மட்டும்... உஸ்தாதுக்கு... நேத்து."

வகுப்பு நடத்துகிறவரே அந்த உஸ்தாத்தான். அன்று ஞாயிறு. வகுப்பு நடந்துகொண்டிருக்கும் நேரம். நிஷாவின் முகம் வெளுத்தது. "என்னைப் பத்தி என்ன நினைப்பாரு? நபிமார் பேரை ஸலாம் இல்லாம எழுதிட்டேன்னுல்ல?" போன் அடித்தாள். எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தாள். ம்ஹூம். எனக்கோ அவளை நிமிர்ந்து பார்க்கவே கூச்சம். அவள் ஆசை ஆசையாக எழுதியது... என் அதிமேதாவித்தனத்தால் கடலோடு போய்விட்டதே!

கடைசியில் அவரே கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டாள்.

"கேட்டேம்மா. பிள்ளைங்களுக்கும் போட்டுக் காட்டிட்டேன்."

போச்சு!

"அந்த அலை அடிக்குற இடம் வந்தா, பிள்ளைங்க எல்லாம் ஒரே குரல்ல 'அலைஹிஸ்ஸலாம்'னு சொல்லுதாங்க. நான் சொல்லுன்னு சொல்லவே இல்ல. இடம் விட்டுப் படிச்சது நல்ல யோசனை. யாரு யோசனை?"

நிஷா என்னைப் பார்த்தாள். பினு என்னைப் பார்த்தான். பேசாமல் வாங்கிக்கொண்டிருக்கலாம். ஆனால் மனசு கேட்கவில்லை. போனை வாங்கி, நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் மனிதர் சிரித்த சிரிப்பில் பினுவின் முட்டை அட்டைகளே அதிர்ந்தன.

"தெரியாமச் செஞ்சதுதானே, ஒண்ணும் தப்பில்ல. கடலை மட்டும் எடுத்திடுங்க மாமி. அந்த இடத்தை எடுத்திடாதீங்க!"

அப்படியே எல்லாவற்றையும் மறுபடி பதிவு செய்தோம். ஒவ்வொரு கதையிலும் முதல் தடவை வாழ்த்தை நான் முழுசாகச் சொல்ல வேண்டும். பிறகு பேர் வரும் இடமெல்லாம் பிள்ளைகளுக்காக இடைவெளி. 'ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம்' என் நாக்கில் நான்கைந்து முறை வழுக்கி விழுந்தது. "நியூஸ் வாசிக்காதீங்க மாமி. இது வாழ்த்து, மெதுவாச் சொல்லுங்க" என்றாள் நிஷா. மெதுவாகச் சொன்னேன். வந்துவிட்டது.

போன ஞாயிறு வகுப்புக்கு என்னையும் அழைத்தார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். ஒலிபெருக்கியில் நான் "முஹம்மது நபி..." என்று சொல்லி நிறுத்தினேன். அறை முழுக்கப் பிஞ்சுக் குரல்கள் அந்த இடத்தை நிரப்பின. யாரும் அதட்டவில்லை, யாரும் பயப்படவில்லை. பிரியமானவர் பேர் வந்ததும் முகம் மலருமே... அந்த மாதிரி. பக்கத்தில் இருந்த நிஷா என் கையை இறுக்கிக்கொண்டாள்.

சில இடங்களில் வாயை மூடிக்கொண்டு இடம் விடுவதும் மரியாதைதான்... டி.வி. விவாதத்துக்குப் போகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் சரி!