அச்சுக்குள் சந்தனம்

ஆக்லாந்தில் எங்களுக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்களில், ஆயுத பூஜைக்கு நிஜமாகவே ஆயுதம் இருந்தது எங்கள் வீட்டில்தான். மற்றவர்கள் காருக்கும் மடிக்கணினிக்கும் பொட்டு வைத்தார்கள். அப்பாவிடம் மான் வேட்டைத் துப்பாக்கி இருந்தது. அதை இரும்பு அலமாரியில் பூட்டிச் சாவியை அவரே வைத்திருப்பார் என்பதால், பொட்டு அலமாரிக் கதவுக்குத்தான் கிடைக்கும்.

ஈஸ்ட் டாமாக்கியில் லேத் ஓட்டிய அப்பா, தோட்டாவைக் கடையில் வாங்கமாட்டார். சுட்டு முடிந்த பித்தளைக் கூடுகளைக் கொண்டுவந்து கராஜில் மறுபடியும் தயார் செய்வார். சுடும்போது கூடு கொஞ்சம் உப்பிவிடும். அதைப் பழைய அளவுக்கு அழுத்திக் கொண்டுவர எஃகு அச்சு ஒன்று வேண்டும். அதில் ஒரு வகை, கூட்டின் கழுத்தை மட்டும் அழுத்தும். அந்தத் தோட்டா ஏற்கெனவே சுட்ட அதே துப்பாக்கிக்குத்தான் கச்சிதமாகச் சேரும். இன்னொரு வகை, கூட்டை முழுவதும் அழுத்தும். அந்தத் தோட்டா அதே ரகத் துப்பாக்கி எதிலும் நுழையும். அப்பா வைத்திருந்தது கழுத்து அச்சு.

சண்டை அதில்தான் வந்தது. பாட்டனி டவுன்ஸில் இருந்த சித்தப்பாவிடமும் அதே ரகத் துப்பாக்கி இருந்தது. ஏப்ரலில் இருவரும் நண்பர்களோடு வேட்டைக்குப் போன இடத்தில், சித்தப்பா தன் தோட்டா தீர்ந்து அப்பாவுடையதை வாங்கிப் போட்டிருக்கிறார். தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட் மூடவே இல்லை. எதிரே நின்ற மான் அவர் திண்டாடுவதைச் சற்று நேரம் பார்த்துவிட்டுப் போய்விட்டது.

"உங்க தோட்டாவும் உங்கள மாதிரிதாண்ணே, யாரோடயும் சேராது" என்று கூட வந்தவர்கள் முன்னால் சித்தப்பா சொல்லிவிட்டார். அப்பா அன்றோடு பேச்சை நிறுத்தினார். ஆறு மாதம் ஓடியது. சித்தப்பா வராத ஞாயிற்றுக்கிழமைகள் எனக்குச் சப்பென்று இருந்தன. என்னை வயிறு வலிக்கச் சிரிக்கவைக்க எங்கள் வீட்டில் வேறு ஆள் கிடையாது.

அந்த வருட ஆயுத பூஜைக்குக் கராஜ் சாமான்களை அம்மா என் பொறுப்பில் விட்டாள். எனக்கு எட்டு வயது. எதையும் அரைகுறையாகச் செய்யும் பழக்கம் இல்லை. அச்சின் வெளியே ஒரு பொட்டு வைத்தேன். ஆனால் வேலை நடப்பது உள்ளேதானே? சந்தனத்தை நீர்க்கக் கரைத்துத் துளைக்குள் ஊற்றி, மேலே குங்குமமும் தூவினேன். சித்தப்பா திரும்பி வரவேண்டும் என்று கையோடு வேண்டிக்கொண்டேன். பூஜையில் வைத்த பொருளை அன்று தொடக் கூடாதாகையால், சந்தனம் நிதானமாகக் காய்ந்தது.

மறுநாள் விஜயதசமி. காலையில் சம்பிரதாயத்துக்காக அப்பா ஒரு கூட்டை அழுத்தினார். கரகரவென்று போய்ப் பாதியில் நின்றுவிட்டது. அச்சைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நான் அழுதேவிட்டேன்.

"சாரிப்பா. உள்ளயும் சாமி வேணும்னு நெனச்சேன்."

திட்டு விழும் என்று காத்திருந்தேன். அவர் துளையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது போச்சும்மா. வேற வாங்கணும்" என்றார்.

சனிக்கிழமை என்னையும் கடைக்குக் கூட்டிப்போனார். கடைக்காரர் இரண்டு வகை அச்சையும் மேஜைமேல் வைத்து, எத்தனை துப்பாக்கிக்கு என்று கேட்டார். இரண்டு என்றார் அப்பா. நம்மிடம் ஒன்றுதானே இருக்கிறது என்று நான் ஆங்கிலத்தில் உரக்கத் திருத்தினேன். அப்பா அது காதில் விழாதவர்போல முழு அச்சை எடுத்துக்கொண்டார்.

காரில் ஏறியதும் சித்தப்பாவுக்குப் போன் போட்டார். "பாப்பா பழைய அச்சக் கெடுத்துட்டாடா. வேற வழியில்லாம முழு அச்சு வாங்கியிருக்கேன். இனிமே உன் துப்பாக்கிக்கும் சேரும். நாளைக்கு வந்து பாரு."

ஸ்பீக்கரில், "பாப்பாவத் திட்டாதீங்கண்ணே" என்று கேட்டது. மறுநாள் மதியச் சாப்பாட்டுக்கே வந்துவிட்டார். நானோ, செய்த குற்றத்துக்குப் பரிகாரமாக, யாரும் சொல்லாமலே கராஜைப் பெருக்க ஆரம்பித்தேன்.

போன மாதம் அந்தக் கராஜை ஒழித்தபோது, டிராயரின் அடியில் எண்ணெய்த் துணி சுற்றிய பழைய அச்சு கிடைத்தது. உள்ளே பளபளவென்று இருந்தது. அம்மாவிடம் காட்டினேன்.

"அதுவா? அன்னைக்கு நீ ஸ்கூலுக்குப் போனதும் மண்ணெண்ணெயில ஊறப்போட்டு அஞ்சே நிமிஷத்துல சுத்தம் பண்ணிட்டாரே!"

தம்பியைக் கூப்பிட அப்பா ஆறு மாதமாக ஒரு சாக்குத் தேடிக்கொண்டிருந்தார் என்றோ, அதைச் சந்தனமும் குங்குமமுமாக நானே கையில் கொடுத்தேன் என்றோ எட்டு வயதில் எனக்குத் தெரியவில்லை. மூன்று வாரம் கராஜைப் பெருக்கினேன்.