பாய் பெட்ரோல்

போன வாரம் உத்திரமேரூரில் மெக்கானிக் சதீஷின் ஷெட்டில் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினேன். நிறுத்தினேன் என்பது சும்மா பெருமைக்கு. அதுவாகத்தான் நின்றது. ஏரிக்கரையில் ஏறும்போதே முக்க ஆரம்பித்து, கடைத்தெருவில் உடம்பு முழுக்க உதறி, ஷெட் வாசலில் ஒரு பெரிய தும்மலோடு அடங்கிவிட்டது. முந்தின நாள் பெய்த மழையின் ஈரம் இன்னும் காயவில்லை. சதீஷுக்கு முப்பது வயதுகூட இருக்காது. கையைத் துடைத்துக்கொண்டே வந்தவன், பானெட்டைத் தூக்குவதற்கு முன்னாலேயே சிரித்துக்கொண்டு கேட்டான்.

"இன்னா மேடம், பாய் பெட்ரோல் ஊத்திக்கினு வந்துட்டீங்களா?"

டீ குடித்துக்கொண்டிருந்தவர்களும் சிரித்தார்கள். எங்கள் பக்கத்தில் எந்த வண்டி திக்கினாலும் இப்படித்தான் கேட்பார்கள். வண்டி என்றில்லை, மைக்கைப் பிடித்தவர் பாதிப் பேச்சில் திணறினாலும் "பாய் பெட்ரோலு போல கீது" என்று கீழேயிருந்து ஒரு குரல் வரும்.

நான் எட்டாவதோடு நின்றவள். மிச்சப் படிப்பெல்லாம் மற்றவர்கள் வாயிலிருந்து பொறுக்கியதுதான். நெரிசலான பஸ்ஸில் ஒரு கண்டக்டர், "உள்ள எடம் கீதும்மா, உங்க மனசுலதான் இல்ல" என்றார். கேட்டு எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, இன்னும் முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறேன். இப்படி ஊரார் பேச்சையெல்லாம் சேர்த்து வைக்கிற எனக்கு, இந்த ஒரு பேச்சை மட்டும் கையால் தொட மனசு வந்ததில்லை. அது பிறந்தபோது நான் பக்கத்திலேயே இருந்தேன், அதனால்தான்.

சதீஷ் பானெட்டுக்குள் தலையை விட்டு, "பிளக் ஒயர் பூடுச்சி மேடம்" என்றான். கரண்டைப் பங்கு பிரிக்கிற டெல்கோ மூடியிலிருந்து, பொறி தட்டுகிற நாலு பிளக்குக்கும் அதைக் கொண்டுபோகிற கறுப்பு ஒயர்கள் அவை. ரப்பர் காய்ந்து வெடித்துவிட்டால், ஈரமான நாளில் கரண்ட் வெடிப்பு வழியாக இன்ஜின் மேலேயே பாய்ந்துவிடும், பிளக்குக்குப் போய்ச் சேராது. சதீஷ் நாலையும் ஒன்றாகப் பிடுங்கவில்லை. ஒன்றைக் கழற்றி, அதன் இடத்தில் புதிதை மாட்டி, 'டக்' என்று உட்கார்ந்த பிறகுதான் அடுத்ததைத் தொட்டான். வரிசை மாறினால் இன்ஜின் பைத்தியம் பிடித்ததுபோல் ஆடும். கழற்றிய முதல் ஒயரை என் காலடியில் போட்டான். சூடான ரப்பரும் பெட்ரோலும் கலந்த வாசனை வந்தது. அதோடு கொஞ்சம் அத்தரும் சேர்ந்திருந்தால் காதர் பாய் கடையேதான்.

மானாம்பதியில் சாலை திரும்புகிற முனையில் இருந்தது அந்தக் கடை. கயிறு, பக்கெட், கதவுக் கீல், எலிப்பொறி, சைக்கிள் டியூப் எல்லாம் கிடைக்கும். அப்போது எங்களுக்குப் பக்கத்தில் பங்க் கிடையாது என்பதால், பின்கட்டில் கேனில் பெட்ரோலும் வைத்திருந்தார். யார் கேட்டாலும் வெள்ளைத் துணியைப் புனலில் விரித்து, அவர்கள் கண்ணெதிரே வடிகட்டித்தான் ஊற்றுவார். பீடியோடு வருகிறவரைச் சாலைக்கு அந்தப் பக்கம் துரத்திவிடுவார். "பெட்ரோலும் பேரும் ஒண்ணு மச்சான், மூடி வெக்கலன்னா பறந்து பூடும்" என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

நான் அவருக்குத் தங்கச்சி. அந்த முறையில்தான் என் வீட்டுக்காரர் மச்சான் ஆனார். வெறும் வாய்முறை என்று நினைக்காதீர்கள். பொங்கலுக்குப் பொங்கல் அண்ணன் சீர் என்று எனக்கு ஒரு புது பிளாஸ்டிக் பக்கெட்டை அனுப்பிவிடுவார். கூடப் பிறந்த அண்ணன் மறந்த வருஷம் உண்டு. பாய் மறந்ததில்லை.

இப்போது எஸ்யூவி என்கிறார்களே, அந்த ஜாதி வண்டிதான் எங்களுடையது. நாங்கள் ஜீப்பு என்போம். பெட்ரோல் வண்டி, இப்போது சதீஷ் ஷெட்டில் நின்றதும் அதேதான். கல்யாணம், ஆஸ்பத்திரி, விதைமூட்டை எல்லாவற்றுக்கும் அப்போது ஊரில் அது ஒன்றுதான். அதற்கு நான் செய்த பணிவிடையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஆயுத பூஜைக்கு எங்கள் வீட்டில் கலப்பை, அரிவாள், மோட்டார் எல்லாவற்றுக்கும் எண்ணெய் தொட்டு வைப்பது வழக்கம். ஜீப்பை மட்டும் விட்டால் அது கோபித்துக்கொள்ளாதா? பானெட்டைத் திறந்தால் உள்ளே மினுமினுவென்று தெரியட்டும் என்று, அந்தக் கறுப்பு ஒயர்களுக்கு வருஷம் தவறாமல் தேங்காய் எண்ணெய் தேய்த்து உருவிவிடுவேன். கல்யாணப் பெண்ணின் சடைபோல இருக்கும். பார்த்துப் பார்த்துப் பூரித்துப்போவேன்.

ஒரு கார்த்திகை மாசம், என் நாத்தனார் மகளுக்குப் பழையசீவரத்தில் நிச்சயதார்த்தம். தாய்மாமன் தட்டு எங்கள் வண்டியில் இருந்தது. காலையில் பாய் கடையில் பெட்ரோல் போட்டுக்கொண்டு கிளம்பினோம். தூறல். பாதி வழியில் வண்டி உதற ஆரம்பித்தது, அப்புறம் நின்றது, தள்ளினால் கொஞ்ச தூரம் ஓடியது, மறுபடியும் நின்றது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நல்ல நேரம் போய்விட்டது. தாய்மாமன் இல்லாமலேயே தட்டு மாற்றிவிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருத்தர், "மாமன் நடந்தே வந்திருந்தாகூட முன்னாடி வந்திருக்கலாம்" என்றார். என் வீட்டுக்காரர் இலையில் உட்கார்ந்து சாப்பிட்டார், ஆனால் ஒரு வாய்கூட உள்ளே இறங்கியிருக்காது.

திரும்பும்போது மழை விட்டிருந்தது. நேராகப் பாய் கடைமுன் கொண்டுபோய் நிறுத்தினார். சந்தை நாள், கடை நிறைய ஆள். ஜீப்பிலிருந்து இறங்காமலே கேட்டார்.

"இன்னா பாய், பெட்ரோல்ல தண்ணி கலந்தியா, இல்ல தண்ணியில பெட்ரோல் கலந்தியா?"

கடையே சிரித்தது. முன்சீட்டில் உட்கார்ந்திருந்த நானும் சிரித்துவிட்டேன். பேச்சு அவ்வளவு வாகாக வந்து விழுந்திருந்தது. நல்ல பேச்சைக் கேட்டால் யாரைச் சுடுகிறது என்று பார்க்காமல் சிரிக்கிற வாய் என்னுடையது. பாய் என்னைத்தான் பார்த்தார். பிறகு புனலில் இருந்த வெள்ளைத் துணியை எடுத்துப் பிழிந்து, மடித்து, மேஜைமேல் வைத்தார்.

"நாளையிலேர்ந்து வேற எடத்துல ஊத்திக்கோங்க சார்."

சார். அந்தக் கடையில் அதுவரை தாசில்தாருக்கு மட்டுமே கிடைத்துவந்த மரியாதை அது.

அதற்குப் பிறகு யாருடைய மொபெட் எங்கே நின்றாலும் பழி பாய் பெட்ரோல் மேல்தான் விழுந்தது. செயின் கழன்று விழுந்தவன்கூட அதையே சொன்னான். வெள்ளைத் துணி பழசாகிவிட்டது என்று புதுத் துணி வாங்கிப் பார்த்தார் பாய். ஊர் சிரித்தது. சில மாதங்களில் கேனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கயிறும் பக்கெட்டும் மட்டும் விற்றுக்கொண்டிருந்தார்.

நாங்கள் உத்திரமேரூர் பங்கில் ஊற்றிக்கொள்ள ஆரம்பித்தோம். அடுத்த மழைக்கு வண்டி மறுபடியும் உதறியது. பங்க் பெட்ரோலில். அங்கே ஒரு வயதான மெக்கானிக், இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒயர்கள் மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்தார். டிக் டிக் என்று பொறி தாவியது. வண்டி உதறியது. ஒயரை விரலால் நசுக்கினார், ஊறிப்போன ரப்பர் பிட்டுப் பிட்டாக வந்தது. விரலை முகர்ந்து பார்த்துவிட்டு என் வீட்டுக்காரரிடம், "யாருப்பா இதுக்கு எண்ண தேச்சி வளத்தது? இன்னா, இது தல முடியா?" என்றார். என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தேவலை.

புது ஒயர் போட்ட மறுநாளே அவர் பாய் கடைக்குக் கிளம்பினார். திரும்பி வந்தபோது கையில் ஒரு பக்கெட் இருந்தது. அடுத்த வாரம் கயிறு, அப்புறம் எலிப்பொறி, மறுபடியும் பக்கெட். பாய் வாங்கியதைக் கட்டிக் கொடுத்துவிட்டு, "வேற எதுனா வேணுமா சார்?" என்று கேட்பாராம். அவ்வளவுதான் பேச்சு. வீட்டில் கிணறும் போதாத அளவுக்குப் பக்கெட் சேர்ந்துவிட்டது. அந்தப் பொங்கலுக்கு அண்ணன் சீர் வரவில்லை. இருக்கிற பக்கெட்டையெல்லாம் கழுவிக் கவிழ்த்தேன். ஒன்றில்கூடத் தண்ணீர் பிடிக்க மனசு வரவில்லை.

"இன்னும் எத்தினி பக்கெட்டு வாங்குனா அந்த மனுஷன் மச்சான்னு கூப்புடுவாரு?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். "தனியா கூட்டிக்கினு போயி ஒயர் சமாச்சாரத்த சொல்லிட்டு வாயேன்."

"ஊர் முன்னால சொன்னத தனியா போயி அழிக்க முடியுமா மே?" என்றார். நியாயம்தான். அடுத்த சந்தை நாளில் பழைய ஒயர் நாலையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனார். நானும் கூடப் போனேன். கடையில் ஆள் இருந்தது, பாய் இருந்தார், பை கையில் இருந்தது. இவர் தொண்டையைக் கனைத்தார். கூட்டத்திலிருந்து யாரோ, "இன்னாண்ண, இன்னிக்கி வண்டி நின்னு பூடலியே?" என்று கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். இவர் ஒரு பக்கெட்டைக் காட்டி, "அது குடு" என்றார். ஒயர் பையைப் பக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். இவரால் முடியவில்லை சரி, எனக்கு வாய் இருந்ததே? ஊர்க் கதையெல்லாம் பேசுகிற வாய். எண்ணெய் தேய்த்த கை யாருடையது என்று அதைக் கேட்பார்களே என்று பயந்து அது மூடிக்கொண்டது.

கடைசியில் சாலையை அகலமாக்கக் கடையை இடித்தார்கள். பாய் காஞ்சிபுரத்தில் மகன் வீட்டோடு போவது என்று முடிவாயிற்று. சாமான் ஏற்ற யாரும் கேட்காமலேயே ஜீப்பைக் கொண்டுபோய் நிறுத்தினார் என் வீட்டுக்காரர். பாய் முன்சீட்டில் ஏறிக்கொண்டார். நான் பின்னால், கயிற்றுக் கட்டுகளுக்கு நடுவே. வழியில் மழை பிடித்துக்கொண்டது. வண்டி ஒரு தடவைகூட உதறவில்லை. நல்ல மழையில் வெண்ணெயாய் ஓடியது. அது அப்படி ஓட ஓட எனக்கு உடம்பு கூசியது.

வெகுதூரம் போனபின், வண்டி உதறாததைக் கவனித்துக்கொண்டு வந்த பாய் சாலையைப் பார்த்தபடியே, "ஒயர் மாத்திட்டீங்களா?" என்றார்.

"மாத்திட்டேன்."

"எப்ப?"

"அப்பவே."

பாய் கையை நீட்டி, முன்கண்ணாடியில் படிந்த ஆவியைத் துடைத்துவிட்டார்.

சாமானை இறக்கி வைத்ததும், "டீ சாப்ட்டுட்டுப் போங்க சார்" என்றார். இவர் வேண்டாம் என்று தலையாட்டினார். பாய் கட்டுக்குள் கையை விட்டு ஒரு சிவப்புப் பக்கெட்டை உருவி என்னிடம் நீட்டினார். "நெறைய பொங்கலு பாக்கி நின்னு பூடுச்சி. வெச்சுக்கோ தங்கச்சி." இவரைத் தள்ளி வைத்தவர் என்னையும் தள்ளி வைத்திருக்கலாம். நான் சிரித்ததை அவர் பார்க்காமலா இருந்தார்? இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். அப்போதும் எண்ணெய் விஷயத்தைச் சொல்லவில்லை.

பாய் கண்ணை மூடிய செய்தி எங்களுக்குத் தாமதமாகத்தான் வந்தது. அடக்கம் முடிந்திருந்தது. என் வீட்டுக்காரரும் இப்போது இல்லை. கடை இருந்த இடத்தில் தார்ச்சாலை, அதன்மேல் லாரி போகிறது. கொஞ்சம் தள்ளி விளக்கெல்லாம் போட்ட பங்க் இருக்கிறது, எல்லோரையும் சார், மேடம் என்கிறார்கள், யாருக்கும் அது சுடுவதில்லை. ஒரு கடைக்காரர் என்னைத் தங்கச்சி என்று கூப்பிட்டு எத்தனை காலம் ஆயிற்று! சிவப்புப் பக்கெட்டும் விரிசல் விட்டு, இப்போது அதில் செம்பருத்தி வளர்கிறது. எல்லாம் போனபின்னும் அந்தப் பேச்சு மட்டும் தெம்பாக, ஒரு நரைகூட விழாமல், ஷெட்டு ஷெட்டாக நடமாடிக்கொண்டிருக்கிறது.

சதீஷ் நாலாவது ஒயரை மாட்டி, சாவியைத் திருப்பினான். இன்ஜின் சீராக முனகியது. டீ குடித்தவர்கள் இன்னும் அங்கேதான் இருந்தார்கள். வெடித்த ஒயர்களைக் கையில் எடுத்துக்கொண்டேன். குரல் எனக்கே கொஞ்சம் உரக்கக் கேட்டது.

"தம்பி, அந்த பாய் பெட்ரோல்ல தண்ணி இல்ல. எங்க ஜீப்பு ஒயருதான் கெட்டுக் கெடந்துச்சி. அதுக்கு எண்ண தேச்சி கெடுத்தது நான்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சதீஷ் சாவியை என்னிடம் நீட்டியபடி கேட்டான்.

"எந்த பாயி மேடம்? அது சும்மா ஒரு பேச்சுதான?"