எட்டாத காது

பேத்தியை மழலையர் வகுப்பில் சேர்க்கப் போயிருந்தேன். ஆபீசில் பிறப்புச் சான்றிதழைப் பார்த்ததும் இடம் கொடுத்துவிட்டார்கள். காத்திருந்த நேரத்தில் அவள் விளையாட்டாக வலக்கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைப் பிடித்து இழுத்தாள்.

குளத்தூர்ப் பக்கம் எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் யாருக்கும் பிறந்த தேதி தெரியாது. தலையைச் சுற்றிக் காதைத் தொட்டால் ஒன்றாம் வகுப்பு, அவ்வளவுதான். அப்பா என்னையும் அருளாயி அக்காவையும் ஒரே நாளில் கூட்டிப்போனார். என் கை எட்டியது. அக்கா பால்குடி வயதில் வந்த நோவில் வளர்த்தி குன்றியவள். அவள் விரல் காதுக்கு மேலேயே நின்றுவிட்டது.

"இதுக்கு வயசு பத்தலங்க. அடுத்த வருசம் கூட்டியாங்க" என்றார் வாத்தியார்.

"மூத்தது இதுதாங்க" என்றார் அப்பா. வாத்தியார் அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார்.

அக்கா ஆடு மேய்க்கப் போனாள். மேய்ச்சலிலும், கஞ்சி குடிக்கும்போதும், தலைமேல் கையைப் போட்டுக் காதைத் தேடிக்கொண்டே இருப்பாள். நான் மூன்றாம் வகுப்பு படிக்கையில் ஒருநாள் ஓடிவந்தாள்.

"அப்பா, எட்டிருச்சு! இங்க பாருங்க!"

அப்பா அவள் கையைப் பிடித்து நிமிர்த்திப் பார்த்தார்.

"கை நல்லா நீண்டுருச்சே. இனி கருவேலங்கொப்பு எட்டும். ஆட்டுக்கு நீயே கொழை ஒடிச்சுப் போடு."

நான் எட்டாவது, எஸ்.எஸ்.எல்.சி., பி.யூ.சி. என்று ஏறி, திருச்சியில் பட்டமும் வாங்கினேன். அக்கா கடைசிவரை கைநாட்டு.

பேத்தி இன்னும் காதை விடவில்லை.

"கைய எறக்குடி!" என்று அதட்டினேன். குழந்தை மிரண்டுபோய் அழுதது.