இது தரிசன டிக்கெட் இல்லை

திருப்பதியில் குடியிருப்பவனுக்குச் சொந்தக்காரர்கள் பெருகிக்கொண்டே போவார்கள். புத்தூரில் என்னோடு ஆறாம் வகுப்பு படித்தவன், அவனுடைய மாமனார், அந்த மாமனாரின் பக்கத்து வீட்டுக்காரர் எல்லோரும் எனக்குச் சொந்தம். "நல்லா கீறியா?" என்று ஆரம்பிக்கும் எந்தப் போனும் மூன்றாவது வாக்கியத்தில் தரிசனத்துக்கு வந்து நிற்கும். நானோ ஒரு தனியார் கல்லூரி விடுதியின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறவன். மலைக்கும் எனக்கும் உள்ள தொடர்பு, ஜன்னலைத் திறந்தால் அது தெரியும் என்பது மட்டும்தான். சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை.

நம்பாததில் எனக்கும் உள்ளூரக் கொஞ்சம் பெருமை இருந்தது என்பதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அதனால் ஒரு பழக்கம் வைத்திருந்தேன். ஆன்லைனில் தரிசன டிக்கெட் திறக்கும் நாளில், அந்த லிங்கை எடுத்து என் போனில் இருக்கும் நாற்பத்திரண்டு குரூப்பிலும் போட்டுவிடுவேன். ஒரு வார்த்தை எழுத மாட்டேன். திருப்பதிக்காரன் லிங்க் போட்டால் அது என்ன லிங்க் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நான் போட்ட ஐந்தாவது நிமிடம் நாற்பத்திரண்டு குரூப்பிலும் கும்பிடும் கைகள் வரிசையாக வந்து விழும். அதைப் பார்த்து, போஸ்ட் போடுகிற கலை நமக்குக் கைவந்தது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த நினைப்பில் மண் விழுந்தது என் தங்கையின் மாம்பழத்தால்.

தங்கையைக் காணிப்பாக்கத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் கொடுத்திருக்கிறோம். அவர்களுக்குக் கிணற்றை ஒட்டி அறுபது மாமரங்கள். பாதிக்குமேல் பேனிஷா, பங்கனப்பள்ளியை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். போன வருடம் மண்டி வாசலில் வாங்க ஆளில்லாமல் வண்டி இரண்டு நாள் வெயிலில் நின்றது. மூன்றாம் நாள் பழம் கசிய ஆரம்பித்ததும் என் மாப்பிள்ளை வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து, அத்தனையையும் ஏரிக்கரையில் கொட்டினார். பிறகு ஒரு மர வியாபாரியைக் கூட்டி வந்தார். வியாபாரி தோட்டத்தைச் சுற்றிப் பார்த்து, அறுபது மரத்திலும் சிவப்பு பெயிண்டால் ஒவ்வொரு கோடு இழுத்துவிட்டுப் போனான்.

தங்கை அழவில்லை. அவளுக்கு அழுகையைவிடப் பிடிவாதம் சீக்கிரம் வரும். "ஒரு வருசம் குடு. மண்டிக்கே போவாம நானே பொட்டி கட்டி வூட்டு வூட்டுக்கு அனுப்பறேன். முடியலன்னா நீ வெட்டிக்கோ" என்று புருஷனிடம் ஒரு வருடம் வாங்கிக்கொண்டாள். கல்யாணத்துக்கு முன் சித்தூரில் கம்ப்யூட்டர் படித்தவள். பதினாறு வருடமாக அந்தப் படிப்பு பீரோவில் சான்றிதழாக மடிந்து கிடந்தது. அதைத் தூசு தட்டி, போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, ஒரு வெப்சைட்டைத் தானே செய்து முடித்தாள்.

"அண்ணா, சைட்டு ரெடி. இத்த நாலு பேருக்குத் தெரியப்படுத்தணும், அவ்ளோதான்" என்றாள்.

"நாலு பேரா? நாலாயிரம் பேர்! லிங்க்க எங்கிட்ட குடுத்துட்டு நீ பொட்டி கட்டு" என்றேன். வாய்தான், வேறென்ன.

வியாழக்கிழமை முதல் பறிப்பு முடிந்து காய்கள் வைக்கோலில் ஏறின. ஒரு வாரத்தில் பழுத்துவிடும். வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பார்த்து, காலை ஆறு மணிக்கு, நாற்பத்திரண்டு குரூப்பிலும் லிங்கைப் போட்டேன். வழக்கம்போல ஒரு வார்த்தை எழுதவில்லை. போட்டுவிட்டுக் குளிக்கப் போனேன்.

திரும்பி வருவதற்குள் பதினோரு மிஸ்டு கால். முதலில் பிடிபட்டது திருத்தணியிலிருக்கும் அத்தை. "டேய் கண்ணு, நீ நல்லா இருப்பே! பாத்த ஒடனே போட்டுட்டேன். அஞ்சு பேருக்கு" என்றார்.

அஞ்சு பேருக்கு மாம்பழமா, என்ன கணக்கு இது என்று யோசித்தேன். சரி, ஆளுக்கொரு பெட்டி போலிருக்கிறது என்று மகிழ்ந்துகொண்டேன். அடுத்துக் கூப்பிட்டவள் தங்கை.

"அண்ணா, இன்னா போட்டே நீ? உன் ஆளுங்க மாங்காவுக்கு பேரு கூடவே ஆதார் நம்பர் அனுப்பிக்கினு கீறாங்க. ஒருத்தரு வூட்ல எல்லாரு வயசும் எழுதி, ரெண்டு பேரு சீனியர் சிட்டிசன், முட்டி வலி, தனி வரிசை வேணும்னு எழுதிக்கீறாரு!"

லிங்கை அப்போதுதான் நானே திறந்து பார்த்தேன். தங்கைக்கு எதைத் தொடங்கினாலும் சாமி படத்தோடு தொடங்க வேண்டும். எங்கள் நைனா கடைக் கல்லாவில் ஆரம்பித்து வைத்த வழக்கம் அது. வெப்சைட்டின் உச்சியில் திரை நிறைய வெங்கடாசலபதி. அவருக்குக் கீழே பெயர், போன் நம்பர், ஊர், எத்தனை, எந்தத் தேதி என்று ஐந்து கட்டங்கள். மாம்பழப் படங்கள் எல்லாம் அதற்கும் கீழே, ஒவ்வொன்றும் கொழுத்த படம், திறக்கவே ஒரு யுகம் ஆகும். குரூப்பில் லிங்க் போட்டால் அதன் தலையில் ஒரு சின்னப் படம் தானாக வந்து ஒட்டிக்கொள்ளுமே, அதுவும் பெருமாள்தான். போட்டவன் திருப்பதிக்காரன். வார்த்தை ஒன்றும் இல்லை. ஜனங்கள் வேறு என்ன நினைப்பார்கள்?

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. பத்து மணிக்கு வடமாலபேட்டையில் இருக்கும், பள்ளியில் எனக்குப் பாடம் நடத்தி ரிடயர்டான தெலுங்கு வாத்தியார் ஒரு எச்சரிக்கை போட்டார். ஊர்க்காரர்கள் முந்நூறு பேர் இருக்கும் குரூப்புக்கு அவர்தான் அட்மின். 'இது போலி தரிசன லிங்க். யாரும் தொட வேண்டாம். இவர் போனை யாரோ பிடித்துவிட்டார்கள்' என்று தமிழில் ஒரு தடவை, தெலுங்கில் ஒரு தடவை எழுதி, என்னைக் குரூப்பிலிருந்தும் தூக்கிவிட்டார். என் லிங்க் நடந்து போன வேகம் வேறு, அவர் எச்சரிக்கை ஓடிய வேகம் வேறு. மத்தியானத்துக்குள் என் சொந்த மைத்துனனே எனக்கு அதை ஃபார்வர்டு செய்து, 'ஜாக்கிரதை' என்று எழுதினான்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வாத்தியாரைத் திட்டினேன். படிக்காமல் அமுக்குகிற ஜனங்களைத் திட்டினேன். சாமி படத்தை உச்சியில் வைத்த தங்கையையும் விட்டுவைக்கவில்லை. சாயங்காலம் அவளே கூப்பிட்டாள். "வுடுண்ணா. ஞாயித்துக்கிழம மண்டிக்குச் சொல்லிடலாம்னு அவரு சொல்றாரு. அந்த மரக்காரனும் போன் பண்ணானாம்" என்றாள். குரலில் பிடிவாதம் இல்லை. அதைக் கேட்டதும் என் கோபம் எல்லாம் இறங்கிவிட்டது. கெடுத்தவன் நான்தான்.

என் மனைவி அதிகம் பேச மாட்டாள். பேசினால் தப்பிக்க முடியாது. "தெருவுல போறவன் கையில ஒரு சீட்ட திணிச்சிட்டு வாயத் தொறக்காம நின்னா, அவன் இன்னான்னு நெனப்பான்? நாலு வார்த்த எழுத உனுக்கு இன்னா கேடு?" என்றாள். நாற்பத்திரண்டு குரூப்பிலும் ஒவ்வொன்றாகப் போய் அந்த லிங்கை அழித்தேன். என்னைத் தூக்கி எறிந்த ஒன்றில் மட்டும் அழிக்கவும் வழியில்லை.

மறுநாள் சனிக்கிழமை, காலை பஸ்ஸில் கிளம்பினேன். சந்திரகிரி தாண்டும்வரை எழுதவேண்டியதை மனசுக்குள் அடுக்கிக்கொண்டே போனேன். நான் போய்ச் சேர்ந்தபோது மாப்பிள்ளை கிணற்று மேட்டில் உட்கார்ந்திருந்தார். "வா மச்சான், துன்னு" என்று மரத்திலேயே பழுத்த ஒன்றை அறுத்து நீட்டினார். வைக்கோல் போட்ட அறைக்குள் நுழைந்தால் வாசனை தூக்கி அடித்தது. இன்னும் நாலு நாள்தான் கெடு என்றது அந்த வாசனை.

முதல் சண்டை சாமியைப் பற்றி. "அவர கீழ எறக்கு" என்றேன். "பெருமாள எறக்கறதா? கைய வைக்க மாட்டேன்" என்றாள் தங்கை. அரை மணி நேரம் இதிலேயே போனது. அப்புறம் எனக்கு ஒரு யோசனை வந்தது. இருபது வருடம் திருப்பதியில் இருந்ததற்கு அது ஒன்றுதான் லாபம்.

"எடுத்த எடுப்புல யாருக்காவது தரிசனம் கெடைக்குதா? வரிசையில நின்னு போனாத்தானே? ஆர்டர் போட்டு முடிச்சதும் நன்றின்னு ஒரு பக்கம் வருது இல்ல, அங்க வை. கடைசியா பாக்கட்டும்."

அவள் சிரித்துவிட்டாள். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அது முதல் சிரிப்பு. பெருமாள் நன்றிப் பக்கத்துக்கு எழுந்தருளினார். அவர் இருந்த இடத்தில் அவளுடைய கையும், கையில் பாதி அறுத்த பேனிஷாவும், முழங்கை வரை வழிந்த சாறும் வந்தன. படத்தை இளைக்கவைத்து ஏற்றினாள். என் போனில் திறந்தோம், மாப்பிள்ளையின் பழைய போனில் திறந்தோம், சட்டென்று திறந்தது. எனக்கு அனுப்பிப் பார்த்ததில் லிங்கின் தலையிலும் மாம்பழம்தான் வந்தது.

அடுத்து வார்த்தைகள். நான் பஸ்ஸில் அடுக்கி வைத்திருந்ததை எடுத்துவிட்டேன். 'கனிகளின் அரசன்' என்று ஆரம்பித்தது அது. தங்கை இரண்டு வரி கேட்டுவிட்டு, "யாரு கல்யாணப் பத்திரிகைண்ணா இது?" என்றாள். அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். முதல் வரி மட்டும் என்னுடையது.

'இது தரிசன டிக்கெட் இல்லை. வெள்ளிக்கிழமை நான் ஒன்றும் எழுதாமல் போட்டது என் தப்பு. இது என் தங்கச்சி தோட்டத்து மாம்பழம், காணிப்பாக்கம் பக்கம், கார்பைடு போடாமல் வைக்கோலில் பழுத்தது. லிங்கைத் தொட்டால் பெயர், போன் நம்பர், ஊர், எத்தனை பெட்டி என்று கேட்கும். ஆதார் கேட்காது. புதன்கிழமைவரை மட்டும்.'

இதற்குள் அவள் இன்னொரு வேலை செய்தாள். ஆதார் நம்பர் அனுப்பியவர்கள் நூற்றுச் சொச்சம் பேர். அத்தனை நம்பரையும் அழித்துவிட்டு, ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, அழித்துவிட்டேன் என்று சொன்னாள். சிலர் திட்டினார்கள். பலர் சிரித்தார்கள். திருத்தணி அத்தை, "அப்ப டிக்கெட் இல்லியா?" என்று ஒரு நிமிடம் துக்கப்பட்டுவிட்டு, "சரி, அஞ்சு பேருக்குப் போட்டது போட்டதுதான். அஞ்சு பொட்டியா அனுப்பு" என்றார்.

நான் வடமாலபேட்டை வாத்தியாரைக் கூப்பிட்டேன். திட்டுவதற்காக வெள்ளிக்கிழமையிலிருந்து சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் விழுங்கிக்கொண்டு, "சார், தப்பு எம்மேலதான்" என்றேன். "போன்ல பேசறது நீதான்னு எனக்கு எப்டி தெரியும்? எங்க, நான் உன்ன எதுக்கு பெஞ்சு மேல ஏத்துனேன், சொல்லு பாப்போம்" என்றார். சொன்னேன். தெலுங்குப் பரீட்சையில் பக்கத்துப் பையனைப் பார்த்து, அவன் பெயரையும் சேர்த்து எழுதியதற்கு. "நுவ்வே லேரா! நீயேதான்டா!" என்று சிரித்து, என்னைக் குரூப்பில் மறுபடி சேர்த்தார்.

ஞாயிறு சாயங்காலம் நாலு மணிக்குப் போட்டோம். காலை ஆறு மணி என்பது வணக்கம் சொல்லும் பூப்படங்களின் நேரம். அந்தக் கூட்டத்தில் எதைப் போட்டாலும் மிதிபட்டுப் போகும். நாற்பத்திரண்டிலும் கொட்டவில்லை. விசாரிக்கக்கூடிய ஜனங்கள் இருக்கும் பதினைந்தில் மட்டும், அந்தந்தக் குரூப்புக்கு ஏற்ற மாதிரி ஒரு வரியை மாற்றி, கேள்வி வந்தால் பதில் சொல்ல போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வாத்தியார் முதல் ஆளாக இரண்டு பெட்டி போட்டார். செவ்வாய்க்கிழமை பெட்டி அவர் கைக்குப் போனது. அன்று இரவே ஒரு மறுப்பு போட்டார், தமிழில் ஒரு தடவை, தெலுங்கில் ஒரு தடவை: 'முந்தி நான் எச்சரித்தது தப்பு. தொடலாம். நான் தின்று பார்த்தேன்.' எச்சரிக்கை எந்த வழியெல்லாம் ஓடியதோ அந்த வழியெல்லாம் இதுவும் ஓடியது. என் மைத்துனன் எனக்கு இதையும் ஃபார்வர்டு செய்தான்.

புதன்கிழமை மத்தியானம் வைக்கோல் அறை காலி. தங்கை ஆர்டர் கட்டத்தை மூடிவிட்டு, அடுத்த பறிப்புக்குப் பெயர் கொடுத்தவர்களின் பட்டியலை எனக்குப் படித்துக் காட்டினாள். ஊர் ஊராகப் படித்தாள், மூச்சு வாங்க. நான் வெறுமனே "உம், உம்" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவ்வளவு சந்தோஷமாக அவள் பேசிக் கேட்டு வருடங்கள் ஆகியிருந்தன.

பருவம் முடிந்த வாரம், எங்கள் குடும்பக் குரூப்பில் மாப்பிள்ளை ஒரு படம் போட்டார். அந்த மனிதர் அதுவரை எந்தக் குரூப்பிலும் ஒரு கும்பிடுகூடப் போட்டதில்லை. லிங்க் இல்லை, ஒரு வார்த்தை இல்லை. மாமரத்தடியில் சுண்ணாம்பு வாளி. தங்கை குந்தி உட்கார்ந்து, மட்டையால் மரத்தில் வெள்ளை அடித்துக்கொண்டிருக்கிறாள். பாதி மறைந்த சிவப்புக் கோடு இன்னும் கொஞ்சம் தெரிகிறது. அவளுக்குப் பின்னால் கிணறு வரைக்கும் மரங்கள் எல்லாம் வெள்ளை கட்டி நிற்கின்றன.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கீழே நாலு வரி எழுதி எல்லோருக்கும் விளக்கலாம் என்று போனை எடுத்தேன்.

"இதுக்கு எதுவும் எழுதாத" என்றாள் என் மனைவி.